பொருள் எண் 31: குறித்துக்கொள்ளப்பட்டது

செப். 3, புதன்

வெயில். மேற்கிலிருந்து புழுதிக் காற்று. காயப்போட்ட சேலையை மறுபடி அலச வேண்டியதாயிற்று.

பரக்கத் போன பங்குனியில் கேட்ட கேள்வி இன்று திரும்ப வந்து நிற்கிறது. பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். ஆன்லைன் விண்ணப்பங்களும் நிரப்பித் தருவாள். வயது நாற்பத்து நான்கு. கணினியில் எதையோ தட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: "டீச்சர், யூனிவர்சிட்டி பரிசீலிச்சுக்கிட்டு இருக்குன்னு லெட்டர் போடுறாகளே, யூனிவர்சிட்டின்னா யாரு? யாரு உக்காந்து பரிசீலிக்கிறா?"

யாரோ வாடிக்கையாளருக்காகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "எல்லாம் ஆபீஸ்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவள் சொல்லும் விடையா இது. மாணவி எழுதியிருந்தால் சுழித்திருப்பேன்.

நினைவு வந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு மாதம் முன்பு என்னைப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவுக்கு உறுப்பினராக நியமித்தார்கள். சிண்டிகேட் என்பார்கள். ஏன் என்னை என்று தெரியவில்லை, கேட்கவும் இல்லை. முதல் கூட்டம் 9ஆம் தேதி. பொருள் நிரல் இன்று மின்னஞ்சலில் வந்தது. 212 பக்கம். போனில் படித்தால் கண் போய்விடும். நாளை பரக்கத் கடை.

வீட்டில் இவர்: "ரிட்டையர் ஆனா வீட்டுல இருப்பீகன்னு பாத்தேன் டீச்சரம்மா."

பி.பி. மாத்திரை தீர்ந்தது. வாங்க வேண்டும்.

செப். 4, வியாழன்

கடையில் ஒரு மணி நேரம். முதல் பக்கத்தில் 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று அச்சாகியிருந்ததைப் பரக்கத் பார்த்துவிட்டாள். "நான் படிக்க மாட்டேன் டீச்சர்" என்று வந்த தாள்களையெல்லாம் கவிழ்த்தே அடுக்கினாள்.

143ஆம் பக்கத்தில் மெஷின் தாளைக் கடித்துக்கொண்டது. மூடியைத் திறந்து உருவினாள். கசங்கியதை நீவிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"என்ன, கிழிஞ்சிருச்சா?"

"இல்ல டீச்சர். இது என் ரெஜிஸ்டர் நம்பர்."

பொருள் எண் 31. பரக்கத் நிஷாவின் மனு.

கதை இதுதான். அஞ்சல்வழியில் பி.காம். படித்திருக்கிறாள், கல்யாணத்துக்கு முன்பு தொடங்கி, மூத்தவன் வயிற்றில் இருக்கும்வரை. இருபத்து மூன்று தாள் பாஸ். ஒன்று மட்டும் போயிற்று: 'செயலர் பணி'. கம்பெனிகளில் கூட்டம் நடத்துவது, அழைப்பு அனுப்புவது, தீர்மானம் எழுதுவது பற்றிய பாடம். வீட்டுக்காரர் துபாய்க்குப் போக, பிள்ளைகளைப் பார்க்க, அந்தத் தாள் அப்படியே கிடந்துவிட்டது. இந்த வருடம் பழைய பாடத்திட்டத்துக்காரர்களுக்குக் கடைசி வாய்ப்பு என்று அறிவிப்பு. விண்ணப்பம் போட உட்கார்ந்தால் அந்தத் தாளே பட்டியலில் இல்லை. பாடத்திட்டத்திலிருந்து எப்போதோ எடுத்துவிட்டார்கள். அதற்கு இணையாக வேறு ஒரு தாள் எழுத விடுங்கள் என்று மனு கொடுத்திருக்கிறாள். பங்குனியில் கேட்ட கேள்வி அவளுக்காகத்தான்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக். 10.

"அந்த ஒண்ணு இல்லாட்டி பாஸான இருபத்தி மூணும் இல்ல டீச்சர். ஒரு நாளைக்கு நாப்பது பேருக்கு ஃபாரம் போடுறேன். படிப்புன்னு ஒரு கட்டம் வரும்ல. எனக்குப் போடும்போது மட்டும் பன்னெண்டாவதுன்னு போட்டுக்கிறேன்."

ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை என்றேன். "நீங்க அப்ப ஆபீஸ்தான்னு சொல்லிட்டீகளே."

கசங்கிய பக்கத்துக்குப் பதில் வேறு எடுத்துத் தந்தாள். கசங்கியதையும் நானே வாங்கி வந்தேன்.

செப். 6, சனி

கரண்ட் இல்லை, பத்து முதல் நான்கு வரை. விசிறியும் பொருள் நிரலுமாகப் பகல் போயிற்று.

புரிந்தவரை: முதலில் பாடத்திட்டக் குழு. அந்தந்தப் பாடம் தெரிந்தவர்கள். அவர்கள் சொன்னதை எல்லாப் பாடத்துக்கும் பொதுவான நிலைக்குழு பார்க்கும். பிறகு ஆட்சிக்குழு. ஆள் நியமனம், கட்டடம், விதி, கடைசி ஒப்புதல் எல்லாம் இங்கே. ஆய்வகம் மாதிரி. மாணவி துளித்துளியாக விட்டு நிறம் மாறும் இடத்தைப் பிடிப்பாள். உதவியாளர் அளவைச் சரிபார்ப்பார். நான் கையெழுத்துப் போடுவேன். அளவு யாருடையது என்று கேட்டால் மூன்று பேருமே கை தூக்கலாம். தப்பாகிவிட்டால் மூன்று பேருமே கையை இறக்கிக்கொள்வோம்.

பரக்கத் மனுவுக்கு வணிகவியல் பாடத்திட்டக் குழுத் தலைவர் ஒரு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். 'நிறுமச் சட்டம்' தாளை இணையாகக் கொள்ளலாம் என்று. நல்ல கடிதம். ஆக, பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஒரு யோசனை. தெரிந்தவள் விஷயம். கூட்டத்தில் அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் உட்கார்ந்திருப்பது சரியில்லை.

பூனை பால் பாத்திரத்தைத் தள்ளிவிட்டது.

செப். 9, செவ்வாய்

5.50 பஸ். இரண்டு மாறினேன். முழங்கால் விண் விண்.

நீள்வட்ட மேசை. பெயர்ப்பலகைகள். பாதி மைக்குக்கு உயிர் இல்லை. து.வே. (துணைவேந்தர்) நடுவில், மென்மையாகப் பேசுகிறவர், களைத்த கண். அவருக்கு இடப்பக்கம் பதிவாளர், பெரிய நோட்டோடு. எனக்குப் பக்கத்தில் கருப்பையா சார், பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர், பல வருட உறுப்பினர். உட்கார்ந்ததும் என்னிடம், "தண்ணி அளவாக் குடிங்க டீச்சர். ஒரு மணி வரைக்கும் எந்திரிக்க விடமாட்டாக."

மொத்தம் 41 பொருள். கவனித்தது:

விடுதிக் கூரை ஒழுகல், நாற்பது நிமிடம். கூரையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்.

பதினோரு படிப்புகளின் புதிய பாடத்திட்டம், மூன்று நிமிடம்.

கையை யாரும் தூக்குவதில்லை. து.வே. "சரிதானே, அடுத்து" என்பார். பதிவாளர் எழுதிக்கொள்வார். எழுதுவது என்ன என்று யாரும் பார்ப்பதில்லை.

31 வந்தபோது சரியாக வடையும் வந்தது. நான் சொன்னேன்: "இந்த மனுதாரரை எனக்குத் தெரியும். அதனால் இதில் என் கருத்தைச் சேர்க்க வேண்டாம்." து.வே. சிரித்தார். "நல்லது டீச்சர். சொன்னதுக்கு நன்றி." பக்கத்தைப் புரட்டினார். "பதிவாளர், குறிச்சுக்கங்க. அடுத்து."

எனக்கு நிம்மதி. வடை நன்றாக இருந்தது.

நிரலின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: 31, குறித்தாயிற்று.

வீடு சேர மணி ஏழு. இவர் ரசம் வைத்திருந்தார்.

செப். 10, புதன்

காலையில் கடைக்கே போய்ச் சொன்னேன். "முடிஞ்சது பரக்கத். குறிச்சுட்டாக."

மகிழ்ச்சிதான். ஆனாலும் ஒரு கேள்வி கேட்டாள். "குறிச்சாகளா, ஏத்துக்கிட்டாகளா டீச்சர்?"

"நாள் குறிச்சாச்சுன்னா கல்யாணம் உறுதின்னுதானே அர்த்தம்?"

"கல்யாணத்துக்குச் சரிதான்" என்றாள்.

காராச்சேவு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் ஆளுக்கொரு கை கொடுத்தாள், எதற்கென்று சொல்லாமல்.

செப். 19, வெள்ளி

மேகம் கூடிக் கலைந்தது. பரளச்சியில் எங்கள் நிலத்தில் கொத்தமல்லி விதைக்க இவர் மழைக்குக் காத்திருக்கிறார். வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வருவதும் போவதும்.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பு வந்தது. நேரே 31க்குப் போனேன்.

'பொருள் எண் 31: குறித்துக்கொள்ளப்பட்டது.'

அவ்வளவுதான். ஒரு சொல். மற்றவை: 'ஏற்கப்பட்டது', 'ஒப்புதல் அளிக்கப்பட்டது', 'பின்னேற்பு செய்யப்பட்டது' (து.வே. முன்பே அவசரமாகச் செய்ததைக் குழு பிறகு ஒத்துக்கொள்வது). குறித்துக்கொள்ளப்பட்டவை மொத்தம் நான்கு. ஒரு நன்றிக் கடிதம். ஓர் இரங்கல் செய்தி. ஒரு புள்ளிவிவர அறிக்கை. பரக்கத்.



செப். 20, சனி

காட்டாமல் இருக்க முடியாது. கொண்டுபோனேன்.

படித்தாள். கல்லாவுக்குக் கீழேயிருந்து காலண்டர் தாளில் அட்டை போட்ட ஒரு பழைய கைடை எடுத்தாள். செயலர் பணி. கடை திறந்த நாளிலிருந்து அங்கேதான் கிடக்கிறதாம். பக்கம் தேடவே இல்லை. விரல் நேராகப் போய் நின்றது.

"குறித்துக்கொள்ளுதல்னா, கூட்டம் ஒரு செய்தியைத் தெரிஞ்சுக்கிச்சு. அம்புட்டுத்தான். முடிவு ஒண்ணும் எடுக்கல. தீர்மானித்தல்னாத்தான் முடிவு. வேறுபடுத்துகன்னு அஞ்சு மார்க்குக்கு வந்துச்சு டீச்சர்."

"நீ என்ன எழுதினே?"

"உங்கள மாதிரிதான் எழுதினேன்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரச் சற்று நேரமாயிற்று.

அதற்குள் ஒருத்தர் ஆதார் நகல் எடுக்க வந்தார். முன்னும் பின்னும் எடுத்து, அளவாக வெட்டிக் கொடுத்தாள். அவர் போனதும், "இன்னும் இருபது நாள் இருக்குல்ல" என்றாள். என்னிடம் சொன்னதா, காலண்டரிடமா தெரியவில்லை.

அந்தக் காராச்சேவு. அதை வாங்கியிருக்கக் கூடாது.

செப். 22, திங்கள்

நேற்று ஒரு கடிதம் எழுதினேன், பதிவாளருக்கு. 31இல் 'ஏற்கப்பட்டது' என்று இருக்க வேண்டும், திருத்தவும் என்று. அனுப்பவில்லை. து.வே. உண்மையில் என்ன சொன்னார்? "குறிச்சுக்கங்க." என் கையெழுத்திலேயே நிரலின் ஓரத்தில் இருக்கிறது.

கருப்பையா சாருக்குப் போன் போட்டேன்.

"அனுப்பாதீக டீச்சர். நடந்ததைத்தான் அவுக எழுதியிருக்காக. நடக்காததை நடந்ததா எழுதச் சொன்னா, நாளைக்கு இன்னொருத்தரும் சொல்லுவாரு. அப்புறம் அந்த நோட்டை எவன் நம்புவான்?"

"அப்ப எங்க தப்பாச்சு சார்?"

"நிரலை எடுங்க. 31இல கடைசி வரி என்ன?"

வாசித்தேன். 'மனு ஆட்சிக்குழுவின் பார்வைக்கு வைக்கப்படுகிறது.'

"பார்வைக்கு வச்சா, பாத்தோம்னு எழுதுவாக. முடிவுக்கு வச்சாத்தான் முடிவு. செக்‌ஷன்ல டைப் பண்ணுன புள்ள, முந்தின குறிப்போட வாலைப் பிடிச்சு இதுலயும் ஒட்டிருச்சு. அம்புட்டுத்தான் சங்கதி."

கேள்வித்தாள் மாதிரிதான். 'குறிப்பு வரைக' என்று கேட்டால் குறிப்பு வரும். 'நிறுவுக' என்று கேட்டால்தான் நிரூபணம் வரும். விடைத்தாளைத் திருத்தியே பழகிய எனக்குக் கேள்வித்தாளைப் பார்க்கத் தோன்றவில்லை.

போனை வைக்கும் முன் ஒன்று சொன்னார். "தெரிஞ்சவுகன்னு சொன்னீக. நல்ல பழக்கம். ஓட்டுப் போட வேணாம். அதுக்காக வாயைத் தைச்சுக்கிட்டு உக்காரணும்னு யாரு சொன்னா? என்ன முடிவுன்னு ஒரு வார்த்தை கேக்கலாம்ல. எனக்கும் அப்பத் தோணல. வடை சூடா இருந்துச்சு."

பரக்கத்தின் கேள்விக்கு இப்போது பாதி விடை கைவசம். யூனிவர்சிட்டி என்றால் யார்? கடிதம் எழுதிய பாடத்திட்டக் குழுத் தலைவர், வாலை ஒட்டிய ஊழியர், பக்கம் புரட்டிய து.வே., கேட்டதைக் கேட்டபடி எழுதிய பதிவாளர், வடை தின்ற நான்.

செப். 24, புதன்

விதியைப் படித்தேன். உறுப்பினர் ஒருவர் பத்து நாளுக்கு முன்பு எழுதிக் கொடுத்தால் ஒரு பொருளை நிரலில் சேர்க்கச் சொல்லலாம். அடுத்த கூட்டம் அக். 8. விண்ணப்பக் கடைசி நாள் 10. இடையில் ஒரே நாள்.

அரைப் பக்கம் எழுதினேன். தட்டச்சுக்கு டவுனில் வேறு கடைக்குப் போனேன். அவள் விஷயத்தை அவள் கையாலேயே அடிக்கச் சொல்வது முறையில்லை. அந்தக் கடைக்காரர் 'இணைத்தாள்' என்பதை 'இனத்தாள்' என்று அடித்தார். திருத்தி வாங்குவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டுத் திரும்புகையில் பாளையம்பட்டியில் இறங்கி, அனுப்பிய சேதியை மட்டும் சொன்னேன். நகலைக் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை.

"கடைசி வார்த்தை என்ன போட்டீக?"

"முடிவுக்கு."

"அப்பச் சரி."

அக். 4, சனி

நிரல் வந்தது. பொருள் எண் 38. '...ஆட்சிக்குழுவின் முடிவுக்கு வைக்கப்படுகிறது.' இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை இவரைப் படிக்கச் சொன்னேன். "முடிவுக்குன்னுதான் போட்டிருக்கு, கண்ணாடி மாத்த வேண்டியதில்ல" என்றார்.

எறும்பு வரிசை வரிசையாக முட்டை தூக்கிப் போகிறது. இவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அக். 8, புதன்

அதே 5.50. அதே நாற்காலி.

38 வருவதற்குள் மணி ஒன்றரை. இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். இன்னும் ஒருவர் பையை மடியில் வைத்துக்கொண்டார். மீதியை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு குரல். "38க்கு நாளை மறுநாள் கடைசி நாள்" என்றேன். து.வே. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

"இது போன தடவையே வந்துச்சே. குறிச்சாச்சே."

"குறிச்சதுதான் அய்யா சிக்கல்" என்று கருப்பையா சார் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஒரு கல்லூரி முதல்வர் அம்மா எழுந்தார். நிலைக்குழு பார்க்காமல் இணைத்தாளை நாம் எப்படி ஏற்க முடியும், நாளைக்கு ஆளுக்கொரு தாளோடு வந்து நிற்பார்களே என்றார். அவர் பேசியது பரக்கத்துக்கு எதிராக. ஆனால் நியாயம். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், கொஞ்சம் வந்தது என்பதையும்.

நிலைக்குழு கூடுவது டிசம்பரில்தான். கருப்பையா சார் வழி சொன்னார். இப்போது தேர்வெழுத விடுவோம், நிலைக்குழு ஒத்துக்கொள்ளும் வரை முடிவை வெளியிடாமல் வைப்போம். முதல்வர் அம்மா யோசித்து, அப்படியென்றால் சரி என்றார். கருத்துக் கேட்டபோது நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"சரிதானே, அடுத்து" என்றார் து.வே.

இந்த முறை எழுந்து நின்றேன். "தீர்மானத்தோட கடைசி வரியை ஒருதடவை வாசிக்கச் சொல்லலாமா அய்யா?"

ஒருவர் பெருமூச்சு விட்டார். பதிவாளர் நோட்டைத் தூக்கிப் பிடித்து வாசித்தார்: "நிலைக்குழுவின் ஒப்புதலுக்கு உட்பட்டு, மனு பரிசீலிக்கப்பட்டது."



"இல்ல இல்ல" என்றார் து.வே. "அனுமதிக்கப்பட்டது."

"மன்னிக்கணும். பழக்கத்துல கை எழுதிருச்சு" என்றார் பதிவாளர். அடித்தார். மேலே எழுதினார். ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். அடுத்த பொருளுக்குப் போன பிறகும் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் ஏறும் முன் போன் செய்தேன். அவள் வணக்கம் கூடச் சொல்லவில்லை.

"கடைசி வார்த்தை, டீச்சர்?"

சொன்னேன். மறுமுனையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் மட்டும். பிறகு யாரிடமோ, "அண்ணே, ரெண்டு நிமிசம் பொறுங்க" என்றாள்.

அக். 9, வியாழன்

விடியற்காலை மழை, இரண்டு மணி நேரம். கரிசல் உள்வாங்கிக்கொண்டது. இவர் விதை மல்லியோடு பரளச்சிக்குப் போய்விட்டார், காப்பிகூடக் குடிக்காமல்.

உத்தரவு தேர்வுப் பிரிவுக்குப் போய், பட்டியலில் அந்தத் தாள் வர மூன்றேகால் ஆயிற்று. அதுவரை நானும் கடையில். பரக்கத் மற்றவர்களுக்கு ஃபாரம் போட்டுக்கொண்டே, நடுநடுவே பட்டியலைத் திறந்து பார்த்தாள். தாள் வந்ததும் கடைப் பலகையைப் பாதி சாத்தினாள். தனக்கு நிரப்பும்போது ரொம்ப மெதுவாக அடித்தாள். பிறந்த தேதியை ஒருமுறை தப்பாகப் போட்டாள், ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குப் போடுகிறவள். அனுப்பியாயிற்று. ஒப்புகைச் சீட்டை மெஷின் கடித்துக்கொண்டது. உருவி, நீவி, அந்தப் பழைய கைடுக்குள் வைத்தாள்.

"டிசம்பர்ல நிலைக்குழுன்னு சொன்னீகளே டீச்சர். அங்க யாரு உக்காந்திருக்கா?"

"தெரியல. கேட்டுச் சொல்றேன்." இந்தத் தடவை ஆபீஸ் என்று சொல்லவில்லை.

"முதல்ல நான் பாஸாகணும்ல" என்றவள், மேசை மேல் கிடந்த எங்கள் நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் காட்டிக் கேட்டாள்: "இதைப் படிச்சா பரீட்சைக்கு ஆகுமா?"

மாத்திரை வாங்கியாயிற்று. முழங்காலுக்குத் தைலம் இல்லை.

டிசம்பருக்கு மறக்காமல் இருக்க, இந்த நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: சங்கமோ, பள்ளிக்கூடமோ, ஊர்க் கூட்டமோ, எங்கே உட்கார்ந்தாலும் சரி. எழுந்திருக்கும் முன், தீர்மானத்தின் கடைசிச் சொல்லை வாய்விட்டு வாசிக்கச் சொல்.